மான் மிரண்டால் கறி கெடும்

சாயல்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணே, சீமைக்கருவேலத்தை வெட்டி எடுத்த நிலம் ஆறு ஏக்கர் சும்மா கிடக்கு. நியூசிலாந்துல மான் பண்ணை வச்சுக் கறி ஏற்றுமதி பண்றாங்களாமே, நம்ம பக்கம் முடியாதா?”

முடியாது தம்பி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புள்ளிமான், கடமான் எதன் கறியை விற்றாலும் உள்ளே போக வேண்டியதுதான். ஆனால் அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பது உங்கள் பக்கத்துச் செம்மறிக்கும் உதவும், அதனால் சொல்கிறேன்.

நியூசிலாந்துக்கு மான் சொந்தமில்லை. 19ஆம் நூற்றாண்டில் வேட்டையாடி மகிழ பிரிட்டனிலிருந்து கொண்டுபோய் விட்ட செம்மான்கள் பெருகி, காட்டை மொட்டையடித்தன; மலைச்சரிவு மண் சரிவதும் அவற்றால்தான் என்று அப்போது நம்பினார்கள். அரசு சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சுட்டது. அப்புறம் கறிக்கு விலை இருப்பது தெரிந்து 1969இல் மான் பண்ணையைச் சட்டப்படி அனுமதித்தார்கள். ஹெலிகாப்டரில் துரத்தி வலைவீசிப் பிடித்தெல்லாம் வேலிக்குள் விட்டார்கள்.

வேலிக்குள்ளும் அது சும்மா இருக்காது. வேலியோரம் நடந்து நடந்தே புல்லைத் தேய்க்கும், ஓடைச் சேற்றில் புரண்டு தண்ணீரைக் கலக்கும். அதனால்தான் இப்போது ஓடைக்கு வேலி, கரையில் மரம், பலவகைச் செடி கலந்த மேய்ச்சல், சில நாளுக்கொரு தரம் அடுத்த பட்டிக்கு மாற்றுவது என்று போகிறார்கள். மண்ணை மீட்டெடுக்கும் பண்ணையம் என்று இதற்குப் பெயர். ஆட்டு மந்தைகளை ஊர் ஊராக ஓட்டிப்போகும் கமுதி, முதுகுளத்தூர் கீதாரிகள் கேட்டால் சிரிப்பார்கள். கொஞ்ச இடத்தில் நிறைய ஆடு, அதுவும் கொஞ்ச நாள், பிறகு இடம் மாற்று: அவர்கள் போடும் கிடையும் இதுதானே.

இடம் மாறி மாறி மேயும் மான் ஒரு விஷயத்தைப் பழகிக்கொள்கிறது. ஆள் வந்து கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் புதுப் புல், பயப்பட ஒன்றுமில்லை. கறியின் விலை பாதி இந்தப் பழக்கத்தில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

தசைக்குள் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருப்பது பள்ளியில் படித்ததுதான். உயிர் போனதும் ரத்தம் நின்று ஆக்சிஜன் வராது, ஆனாலும் தசை உடனே சாவதில்லை. கையில் இருக்கும் கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து லாக்டிக் அமிலமாக்கிக்கொண்டே இருக்கும். புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பி.எச். என்று பெயர்; புளிப்பு ஏற ஏற அது இறங்கும். ஒரு நாளுக்குள் 7 வாக்கில் இருந்த பி.எச். 5.5 பக்கம் இறங்கிவிடும். கறி தனக்குத் தானே லேசாக ஊறுகாய் போட்டுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அந்தப் புளிப்பு நம் நாக்குக்குத் தெரியாது, பாக்டீரியாவுக்குத் தெரியும்.

இப்போது அதே மான் நாள் முழுக்க லாரியில், தெரியாத மான்களோடு முட்டி மோதி, பட்டினியாக வந்தால்? இருந்த கிளைக்கோஜன் வழியிலேயே எரிந்து தீர்ந்திருக்கும். அமிலமாக்க ஒன்றும் மிச்சமில்லை, பி.எச். 6க்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுத்து, விறைப்பாக இருக்கும். பாக்டீரியா முதலில் தின்னும் சர்க்கரையும் இல்லாததால் நேராக அமினோ அமிலத்தில் கைவைக்கும், அங்கிருந்துதான் நாற்றம். காற்றில்லாத உறையில் அடைத்திருந்தால் சில பாக்டீரியாக்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடால் கறி பச்சையாகக்கூட மாறும். பி.எச். சரியாக இறங்கிய கறியோ அதே உறையில், உறையாத குளிரில், வாரக்கணக்கில் தாங்கும். அதற்குள் தசையின் சொந்த நொதிகளே அதை மிருதுவாக்கிவிடும். உறையவைத்த கட்டியைவிட இதற்கு ஐரோப்பாவில் விலை அதிகம். செர்வெனா என்று தனிப்பெயர் வைத்து, மூன்று வயதுக்கு மேற்படாத, புல் தின்ற மான் என்று விற்பதும் இந்தத் தரத்தை நம்பித்தான்.

நம் கடற்கரைக்காரருக்கு இது புதிதில்லை. வலையில் நெடுநேரம் துடித்துச் செத்த மீன் சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் நொந்துபோகும் என்று மூக்கையூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆட்டுக்கு மட்டும் தலையில் தண்ணீர் தெளித்து, அது சிலிர்த்தால் சம்மதம் சொல்லிவிட்டது என்கிறோம். அதற்கு முந்தின நாள் முழுக்க அது தண்ணீர் குடித்ததா என்று கேட்பவர் இல்லை. மான் அளவுக்குச் செம்மறி மிரளாது, சரி. ஆனாலும் சந்தையிலிருந்து லாரியில் போகும் ராமநாதபுரம் வெள்ளை இனச் செம்மறிகளின் கறியில் பி.எச். அளந்து பார்க்க ஒரு சின்ன மீட்டர் போதும். அதற்குப் பணம் ஒதுக்கினால் எந்த அரசும் ஏழையாகிவிடாது என்பது என் கருத்து.

தம்பி, உங்கள் ஆறு ஏக்கரில் மழைக்கு முன் ஒரு கிடை போடச் சொல்லுங்கள். ஆனால் அந்த ஆடுகள் கடைசியாக எங்கே மேய்ந்தன என்று கீதாரியிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆடு புழுக்கையோடு விதையையும் இறக்கும். வெட்டிய கூலி மொத்தமும் வீண்.