எல்லா நொத்தாரிசும் பிரசித்தமானவரோ?

எட்டாம் ஆண்டு படிக்கும் என் பெறாமகளோடு போன கிழமை யாழ்ப்பாணம் நீதிமன்றப் பக்கம் போயிருந்தேன். சட்டத்தரணிமாரின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவள் கேட்டாள்: "சித்தப்பா, எல்லாத்திலயும் பிரசித்த நொத்தாரிசு எண்டுதான் கிடக்கு. பிரசித்தமில்லாத நொத்தாரிசு ஒருத்தரும் இல்லையோ?"

நொத்தாரிசு ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவர்கள் 1658 முதல் 1795 வரை இங்கே ஆண்டார்கள். பிரசித்தம் வடசொல். அதற்குள் இருக்கும் 'சித்த' என்பதற்கு நிறைவேறிய, நிலைபெற்ற என்று பொருள். சித்தி, சித்தர் எல்லாம் அதே வேர். நன்றாக நிலைபெற்றது பலருக்கும் தெரியவரும். அதிலிருந்து 'பலரறிந்த' என்ற பொருளும் 'பொது' என்ற பொருளும் கிளைத்தன. பலகையில் உள்ளது இரண்டாவது. பக்கத்து வீட்டுக்காரருக்கே அவரைத் தெரியாவிட்டாலும், பொது அதிகாரத்தோடு உறுதிப் பத்திரம் எழுதுகிறவர் என்பதால் அவர் பிரசித்த நொத்தாரிசுதான்.

பிரபலம் வேறு வழியால் வந்தது. வடமொழியில் அது மிகுந்த பலம். சிங்களத்தில் இன்றும் 'பிரபல' என்றால் பலம் வாய்ந்த என்றே பொருள். நம்மிடம் வந்த சொல் பலத்தைக் கைவிட்டு, பலர் அறிந்த நிலையை மட்டும் வைத்துக்கொண்டது.

புகழைக் குறிக்கும் பழைய சொற்களில் காதுதான் முன்னுக்கு நிற்கிறது. 'ஈதல் இசைபட வாழ்தல்' என்ற குறளில் இசை என்றால் புகழ். கீர்த்தியும் கீர்த்தனையும் ஒரே வேரில் பிறந்தவை. எடுத்துச் சொல்வது, பாடுவது என்பது அந்த வேரின் பொருள். கிரேக்கத்தில் புகழைக் குறித்த 'கிளியோஸ்' என்ற சொல்லின் வேர் 'கேள்' என்பது. ஒருவருடைய பெயர் வாயிலிருந்து காதுக்குப் போனால்தான் பரவும் என்றிருந்த காலத்துச் சொற்கள் இவை. புறநானூற்றின் 27ஆம் பாட்டு 'உரையும் பாட்டும் உடையோர் சிலரே' என்று அந்த இரண்டு வழிகளையும் பிரித்தே சொல்லிவிடுகிறது.

புகழுக்குள் ஒரு வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. 'புகழ்ந்தான்' என்கிறோம். அதனால் புகழ் என்றதுமே பாராட்டுகிற ஒரு வாய் கூட வருகிறது. 'புகழ்பெற்ற கள்ளன்' என்றால் காதில் உறுத்துவது இதனால்தான். 'பிரபல கொள்ளையன்' என்று பத்திரிகை எழுதினால் உறுத்துவதில்லை, அதற்குள் பாராட்டுகிறவர் யாரும் இல்லை. அந்த வாய் பாராட்டினால் தீங்கு வரும் என்றுதான் நம் ஊரில் நாவூறு என்று பயப்படுகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது கிருமியால்; நாவூறு கழித்துவிட்டு டாக்டரிடம் பிந்திப் போகிறவர்களைக் காணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆனால் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வாயை அவர்கள் சரியாகவே கண்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'பேர்போன'. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குப் பேர்போன யாழ்ப்பாணம் என்கிறோம். அதே வாயால் 'எங்கட குடும்பத்தின்ர பேர் போச்சு' என்று அழுகிறோம். பேரும் அதே பேர், போவதும் அதே போவது. ஒன்று சிறப்பு, மற்றது அழிவு.

காரணம் 'போ' என்ற வினையிலேயே கிடக்கிறது. கோயில் மணி அடித்தால் சத்தம் தெருக்கோடிக்குப் போகும். மணியில் எதுவும் குறைவதில்லை. சட்டைப் பையிலிருந்து காசு போனால் பை வெறுமையாகும். ஒன்றில் பரவுகிறது, மற்றதில் தொலைகிறது. எது என்று நம் மனம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? போய்ச்சேரும் இடத்தை வைத்துத்தான். 'காசு கொழும்புக்குப் போச்சு' என்றால் காசு எங்கேயோ பத்திரமாக இருக்கிறது. 'காசு போச்சு' என்றால் தொலைந்தது. இடத்தைச் சொல்லாவிட்டால் 'போ' இழப்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இந்த விதிக்கு அடங்காமல் நிற்கிறது 'பேர்போன'. நாலு திசையும் என்ற இடம் அதற்குள் சொல்லாமலே ஒட்டியிருக்கிறது. உறைந்துபோன தொடர் அது. 'பேர் போகிற ஊர்' என்று அதே பொருளில் உங்களால் சொல்ல முடியாது.

ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறியலாம் என்று 1957இல் எழுதினார் ஆங்கில மொழியியலாளர் ஜே. ஆர். ஃபேர்த். அகராதி அந்தக் கூட்டாளிகளை விட்டுவிடுகிறது. 1842இலேயே மானிப்பாயில் பெரிய தமிழ் அகராதி அச்சிட்ட மண் இது. வடமராட்சியிலும் தீவகத்திலும் வன்னியிலும் ஆட்கள் பேசுவதைப் பதிந்து, எழுத்தாக்கி, யாரும் தேடிப் பார்க்கும்படி வைப்பதற்கு நாம் பணம் ஒதுக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவிகளும், பயிற்சி பெற்ற சில இளைஞர்களின் சில வருடச் சம்பளமும் போதும். கதைக்கிற பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள், இதைத் தள்ளிப்போட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பெறாமகள் கொப்பியில் எழுதிக் காட்டினாள்: 'பருத்தித்துறை வடையின்ர பேர் கனடா வரைக்கும் போச்சு.' பிறகு 'கனடா வரைக்கும்' என்ற இரண்டு சொற்களையும் விரலால் மறைத்து வாசித்தாள்.

"ஐயோ சித்தப்பா," என்றாள், "கடையைப் பூட்டிட்டினம்!"