பிரிக்காத பெட்டிக்குள் என்ன நடக்கிறது? பழைய பிளாஸ்டிக் மாடல் கிட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

முப்பது, நாற்பது வருடம் பிரிக்காமல் வைத்திருந்த மாடல் கிட் (கார், விமானம் போன்றவற்றின் சிறு உருவத்தை நாமே ஒட்டிக் கட்டுவதற்கான பாகங்கள் உள்ள பெட்டி) என்றால் உள்ளே எல்லாம் புத்தம் புதிதாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த முக்கியப் பாகங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். வெயிலும் வெப்பமும் படாமல் இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் இன்றும் நன்றாக வெட்டுப்படும், ஒட்டும். ஆனால் அதே பெட்டியில் கூடவே கிடக்கும் டயர், டீகால் (தண்ணீரில் நனைத்து மாடலின் மேல் ஒட்டும் எண், எழுத்து, படங்கள் உள்ள தாள்), பசை டியூப் ஆகியவற்றுக்கு அந்த ஆயுள் கிடையாது. கெட்டுப்போகும்போது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்தே கெடுக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது டயர். கார், பைக் கிட்டுகளில் வரும் கறுப்பு டயர் பார்வைக்கு ரப்பர் போல இருந்தாலும் பெரும்பாலும் அது பி.வி.சி. இயல்பில் விறைப்பான பி.வி.சி.யை வளைய வைக்க, பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். வருடக்கணக்கில் அது மெல்ல மெல்ல வெளியே கசியும். டயரை விரலால் தொட்டால் பிசுபிசுப்பு தெரியும். கசிந்ததைப் பாலிஸ்டைரீன் உறிஞ்சி இளகிவிடும். முன்கண்ணாடியின் மேல் டயர் ஒன்று சாய்ந்தே கிடந்திருந்தால், எடுத்துப் பார்க்கும்போது கண்ணாடியில் டயரின் கோடுகள் அச்சுப் போலப் பதிந்திருக்கும். அது மேலே படிந்த அழுக்கு அல்ல, பிளாஸ்டிக்கே கரைந்த தடம். துடைத்தால் போகாது. பீரங்கி வண்டிகளின் வினைல் செயின்களும் இதையேதான் செய்கின்றன.

ஆகவே கிட் கைக்கு வந்த அன்றே, கட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும், டயர்களை எடுத்துத் தனி ஜிப்லாக் பையில் போடுங்கள். அந்தப் பை பாலித்தீனாக இருக்கட்டும், பி.வி.சி. பை வேண்டாம். கட்டும்போது ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். பெயின்ட் அடித்த ரிம்தானே என்று விட்டுவிடக் கூடாது, பெயின்டையும் அது இளக்கும். ஏற்கெனவே இளகிய இடத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் வரும்வரை சுரண்டி எடுத்துவிட்டுப் பிறகு புட்டி வையுங்கள். இளகிய பரப்பின் மேலேயே புட்டி வைத்தால் நிற்காது.

கிட்டோடு வந்த பழைய பசை டியூப்பைத் தயங்காமல் அப்புறப்படுத்துங்கள். கரைப்பான் ஆவியாகிப் போயிருந்தால் அதனால் பயன் இல்லை. ஆவியாகாமல் மடிப்பில் கசிந்திருந்தால் அருகில் உள்ள பாகம் உருகியிருக்கும்.

டீகாலில் வரும் கோளாறு இரண்டு வகை. மஞ்சளாவது ஒன்று, தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாக உடைவது இன்னொன்று. தேவைப்படாத ஒரு எண்ணையோ எழுத்தையோ முதலில் வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடைந்தால் மீதித் தாள் முழுவதும் கிளாஸ் கிளியர் எனப்படும் பளபளப்பான நிறமற்ற வார்னிஷை மெல்லிசாக இரண்டு கோட் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு படத்தையும் ஓரத்தை ஒட்டி வெட்ட வேண்டும், ஏனென்றால் தாள் முழுக்க இப்போது ஒரே படலம். மஞ்சளாகியிருந்தால் தாளை ஜிப்லாக் பையில் போட்டு வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சள் நன்றாகவே குறையும். சிவப்பும் நீலமும் சேர்ந்து வெளுக்கின்றனவா என்று இடையிடையே பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கப் பசை செத்திருந்தால் வெள்ளைப் பசையை நீர்க்கக் கரைத்துத் தடவி ஒட்டலாம்.

வளைந்த இறக்கையைப் பார்த்ததும் கொதிநீரில் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே முழுதாக இளகிவிடும், மெல்லிய பாகம் நொடியில் சுருண்டுவிடும். 60 முதல் 70 டிகிரி நீரில் அரை நிமிடம் வைத்து, விரலால் நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். ஒரே தடவையில் சரியாக வேண்டும் என்று அழுத்தாமல் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். வெயில் பட்டு நொறுங்கும் நிலையில் உள்ள ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்களைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டம்) பாகத்தை முறுக்கி உடைக்காமல் மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுங்கள்.

கட்டி முடித்த பழைய விமானங்களில் வேறொரு ஆபத்து மூக்குக்குள் இருக்கிறது. வால் தரையில் உட்காராமல் இருக்க உள்ளே ஈயக் குண்டுகளைப் போட்டு வெள்ளைப் பசையால் ஒட்டும் வழக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் பசையிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பொடிக்கு ஈயத்தைவிட அதிக இடம் வேண்டும். உள்ளேயே உப்பி உப்பி, கடைசியில் ஒட்டுவாயைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஒட்டுவாயில் மயிரிழை விரிசலும் ஓரத்தில் வெண்பொடியும் தெரிந்தால் உடனே திறந்து எடையை மாற்றுங்கள். அந்தப் பொடி நச்சு. ஊதக் கூடாது, கையுறை போட்டு ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். புதிய எடைக்கு டங்ஸ்டன் புட்டியோ எஃகுக் குண்டோ போதும், ஒட்டுவதற்கு எபாக்ஸி.

பாலிஸ்டைரீன் பரவலாவதற்கு முந்தைய கிட்டுகள் தனி ரகம். 1936இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃப்ராக் பெங்குயின் என்ற விமான மாடல் வரிசை செல்லுலோஸ் அசிட்டேட்டில் செய்யப்பட்டது. அந்தப் பொருள் தானாகவே சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும். அப்படி வாடை வரும் கிட்டை மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

பெட்டிகளைக் கூரைக்கு அடியில் உள்ள பரண் போன்ற சூடேறும் இடத்தில் வைக்காமல் வீட்டின் உள்ளறையில், ஐந்தாறுக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். கனமான பெட்டி அடியில் இருக்கட்டும். கிளியர் பாகங்களை மெல்லிய டிஷ்யூவில் சுற்றித் தனிப்பையில் போட்டு, பையின் மேல் கிட்டின் பெயரை எழுதிவிடுங்கள்.