மைக்ரோட்ரெமர்: தமிழில் நுண்ணதிர்வு

ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் மண் பூகம்பத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று ஆராயும் அறிக்கைகளில் 'மைக்ரோட்ரெமர்' அடிக்கடி வரும். கிரேக்க 'மிக்ரோஸ்' என்றால் சிறியது. லத்தீன் 'ட்ரெமெரே' என்றால் நடுங்குவது. இரண்டையும் கூட்டி 'சிறு நிலநடுக்கம்' என்று எழுதத் தோன்றும். எழுதக்கூடாது. சிறு நிலநடுக்கம் என்பது பூமிக்குள் பாறைப் பிளவு நழுவுவதால் வருவது. மைக்ரோட்ரெமரோ பேருந்து, ஆலை, காற்று, தொலைவில் கரையை அறையும் கடலலை எல்லாம் சேர்ந்து தரையில் ஓயாமல் உண்டாக்கும் அசைவு. காலுக்கு உறைக்காது, கருவிக்குத் தெரியும். அதனால் 'நுண்ணதிர்வு' என்பதே பொருத்தம். 'நடுக்கம்' என்ற சொல்லை நிலநடுக்கத்துக்கே விட்டுவிடலாம்.

சரி, பேருந்து ஓடும் அதிர்வுக்கும் பூகம்பத்துக்கும் என்ன தொடர்பு? மெத்தென்ற மண்ணடுக்கு ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய அதிர்வெண் உண்டு. மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் குறுக்கலையின் வேகத்தை, அடுக்கின் தடிமனைப் போல் 4 மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். குறுக்கலை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் செல்லும் 25 மீட்டர் மண் என்றால் 2 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2 ஆட்டம். ஐந்து மாடிக் கட்டடமும் ஏறக்குறைய அதே அதிர்வெண்ணில்தான் ஆடும். இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும்.

1985 செப்டம்பர் 19-இல் மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் 8.0 அளவில் பூகம்பம் வந்தது. 350 கிலோமீட்டருக்கு அப்பால், பழைய ஏரிக் களிமண்மேல் இருந்த மெக்சிகோ நகரப் பகுதிகளில் கட்டடங்கள் சரிந்தன. அங்கே மண் 2 நொடிக்கு ஒரு முறை ஆட, நடுத்தர உயரக் கட்டடங்களுக்குத்தான் அடி அதிகம். அதே நகரின் தெற்கே, ஷீட்லே எரிமலையின் இறுகிய குழம்புப் பாறைமேல் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் பதிவான உச்ச முடுக்கமோ ஏரிப் பகுதியில் பதிவானதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

அப்படிப்பட்ட மண்ணை முன்கூட்டியே அடையாளம் காணத்தான் நுண்ணதிர்வைப் பதிகிறார்கள். கிடை அசைவைச் செங்குத்து அசைவால் வகுத்து, உச்சம் எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்று பார்க்கும் முறையை 1989-இல் பரவலாக்கியவர் ஜப்பானின் யுடாக்கா நகமுரா. துளை போட வேண்டாம், செலவும் குறைவு. அப்புறம் அவரே உச்சத்தின் வர்க்கத்தை அதிர்வெண்ணால் வகுத்து ஒரு பாதிப்புக் குறியெண்ணும் தந்தார். அதிர்வெண்ணை நம்பலாம், ஆனால் உச்சத்தின் உயரத்தை அப்படியே பூகம்பப் பெருக்கமாகக் கொள்ளலாமா என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிக்கையில் குறியெண் மட்டும் இருந்து மண்துளைத் தரவு இல்லையென்றால், கொஞ்சம் தயங்கியே படிக்க வேண்டும்.