வரைபடத்துக்கு முன்னால் இரண்டு வாரம்

அலுவலகத்தையோ வகுப்பறைகளையோ மாற்றியமைக்க முடிவெடுத்ததும் பெரும்பாலான நிர்வாகங்கள் முதலில் ஒரு கேள்விப் படிவத்தை அனுப்புகின்றன. "உங்களுக்கு என்ன வேண்டும்?" இன்னும் நிறைய மீட்டிங் ரூம், நல்ல நாற்காலி, அமைதியான மூலை என்று பதில்கள் வந்து குவியும். அவற்றை அப்படியே கட்டடக் கலைஞரிடம் கொடுத்துக் கட்டி முடித்தால், புதிய அறைகள் காலியாகக் கிடக்கும். பழைய நெரிசல் அப்படியே இருக்கும். பதில் எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஓர் இடத்தில் எப்படிப் புழங்குகிறோம் என்பது புழங்குபவருக்கே முழுதாகத் தெரியாது. தொல்லை எதனால் வருகிறது என்று சொல்வதைவிடத் தனக்குப் பழக்கமான ஒரு தீர்வைக் கேட்பது எளிது. அதனால்தான் மனித மைய வடிவமைப்பில், அதாவது புழங்குபவரின் தேவையிலிருந்து தொடங்கும் வடிவமைப்பில், கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. தள வரைபடத்தின் நகல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம், வேலை நேரம் முழுவதும், மணிக்கு ஒரு முறை ஒரே பாதையில் நடந்து வாருங்கள். ஒவ்வோர் இருக்கைக்கும் மூன்று குறிகள் போதும்: ஆள் இருக்கிறார்; ஆள் இல்லை, ஆனால் பையோ லேப்டாப்போ இருக்கிறது; காலி. மீட்டிங் ரூம் என்றால் உள்ளே எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். நடுவில் உள்ள குறியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் கணக்கே தவறிவிடும். பை இருக்கும் இருக்கை யாருக்கும் கிடைக்காத இருக்கை. அதைக் காலி என்று எண்ணி மேசைகளைக் குறைத்தால், ஆட்கள் திரும்பி வரும் நேரத்தில் உட்கார இடமிருக்காது.

முன்பதிவு ஏட்டை மட்டும் நம்ப வேண்டாம். பதிவு செய்துவிட்டு யாரும் வராத அறைகளும், 10 பேர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதும் ஏட்டில் தெரியாது. "மீட்டிங் ரூம் போதவில்லை" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது அறைகளின் எண்ணிக்கை அல்ல, அளவு. பெரிய அறை ஒன்றை இரண்டாகப் பிரித்தாலே தீர்ந்துவிடும். சராசரியைப் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். வாரம் முழுக்கப் பாதி இருக்கைகள் காலி என்று வரலாம். ஆனால் எல்லோரும் வரும் நாளின் உச்ச நேரத்தில் ஓர் இருக்கைகூட மிச்சமிருக்காது. இந்தக் கணக்கெடுப்பு எதற்காக என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள். பெயர்களைக் குறிக்காதீர்கள். யார் எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்று பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் ஒரு முறை வந்துவிட்டால், அதன்பின் யாரும் உண்மையான பேச்சுக்கு வரமாட்டார்கள்.

ஆட்களைப் போலவே தடயங்களையும் பாருங்கள். ஏசி காற்று வரும் இடத்தில் ஒட்டிய அட்டை, கண்ணாடிச் சுவரை மறைத்த சார்ட் பேப்பர், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க வைத்த குப்பைத் தொட்டி, நடைபாதையைக் கடந்து போகும் எக்ஸ்டென்ஷன் வயர், ஜன்னலோரம் இழுத்துப் போடப்பட்ட நாற்காலி. இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தன் கையால் செய்துகொண்ட திருத்தம். படிவத்தில் யாரும் இவற்றை எழுதுவதில்லை. செய்தவருக்கே மறந்து போயிருக்கும். துப்புரவுப் பணியாளர்கள் ஒழுங்குபடுத்துவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். தினமும் அதே நாற்காலியை அதே இடத்திலிருந்து திருப்பி வைப்பவர்கள் அவர்கள்தான் என்பதால் அவர்களிடமும் பேசுங்கள். காவலர்கள், இரவுப் பணியாளர்கள், பகுதிநேர ஆசிரியர்கள் ஆகியோரை விட்டுவிட்டு நடத்தும் ஆய்வு பாதி ஆய்வுதான்.

பேட்டி அதற்குப் பிறகு. ஒவ்வொரு வகையினரிலும் ஐந்தாறு பேர் போதும். அதற்கு மேல் சொன்னதே திரும்ப வரத் தொடங்கும். "பொதுவாக எப்படி வேலை செய்வீர்கள்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "நேற்று காலை உள்ளே வந்ததும் முதலில் எங்கே போனீர்கள்? அடுத்து? அங்கிருந்து ஏன் எழுந்தீர்கள்?" என்று நேற்றைய நாளைக் கேளுங்கள். முடிந்தால் அவரோடு நடந்துகொண்டே கேளுங்கள். குறிப்பெடுக்கும் தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, கண்டதையும் கேட்டதையும் இடப்பக்கமும் நீங்கள் ஊகித்ததை வலப்பக்கமும் எழுதுங்கள். இரண்டும் கலந்துவிட்டால், நீங்கள் முன்பே நினைத்து வைத்திருந்ததே ஆய்வின் முடிவாக வந்து நிற்கும்.

மேசைகளுக்கு இடையிலான தடுப்பை எடுத்தால் பேச்சு பெருகும் என்ற நம்பிக்கை அப்படி ஓர் ஊகம். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்புகள் இல்லாத திறந்த அமைப்புக்கு மாறிய இரண்டு நிறுவனத் தலைமையகங்களில் ஊழியர்கள் அணிந்த சென்சார்களைக் கொண்டு பேச்சை அளந்தார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது, மின்னஞ்சல் கூடியிருந்தது. எல்லோர் கண்ணிலும் பட உட்காரும்போது மனிதர்கள் ஹெட்போனுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். கவனத்தைக் கலைப்பதும் சத்தத்தின் அளவு மட்டும் அல்ல. சீரான மின்விசிறி ஒலியைப் பொறுத்துக்கொள்ளும் காது, பக்கத்து மேசையில் தெளிவாகக் கேட்கும் தொலைபேசிப் பேச்சைத் தன்னையறியாமல் பின்தொடரும். அதனால் டெசிபெல் மீட்டரோடு நிறுத்தாமல், ஒருவரைச் சாதாரணக் குரலில் படிக்கச் சொல்லிவிட்டு, எத்தனை மேசை தள்ளிப் போனால் சொற்கள் புரியாமல் போகின்றன என்று நடந்து பாருங்கள். தொலைபேசியில் அதிகம் பேசும் குழுவை எங்கே வைப்பது என்பதற்கு அந்தத் தூரம்தான் விடை.

வகுப்பறையில் நிலைமை நேர்மாறு. அங்கே ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரை புரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வகுப்பறையின் பின்னணி ஒலி 35 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்றும் எதிரொலி நேரம், அதாவது ஒலி நின்ற பிறகு அது அறையில் தேய்ந்து மறைய ஆகும் நேரம், 0.6 நொடி அளவில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வழவழப்பான தரை, வெறும் சுவர், உயரமான கூரை மூன்றும் சேர்ந்தால் இந்த 0.6 நொடி எளிதில் தாண்டிவிடும். ஆசிரியர் குரலை உயர்த்தினால் எதிரொலியும் கூடவே உயரும். ஒலி உறிஞ்சும் பலகைகளைக் கூரையிலும் பின்சுவரிலும் பொருத்துவது, மைக் வாங்குவதைவிட நல்ல செலவு.

வகுப்பறையில் ஆய்வாளர் நிற்கவே கூடாது. கடைசி வரிசையிலும் இரு ஓரங்களிலும் மாணவர் இருக்கையில், மாணவரின் கண் உயரத்தில் உட்கார வேண்டும். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பலகையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு சோதனை: வரிசையாக இருக்கும் மேசைகளைக் குழு அமைப்புக்கு மாற்றி, மீண்டும் வரிசைக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகிறது? 45 நிமிட வகுப்பில் இதற்கு 10 நிமிடம் போனால் எந்த ஆசிரியரும் மேசையைத் தொடமாட்டார். சக்கர மேசைகள் வாங்கிய பிறகும் நகராமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆசிரியரின் மனநிலை அல்ல. பைகளை வைக்கத் தனி இடம் இல்லாததால் தரையெங்கும் பைகள் கிடக்கும். சக்கரம் எங்கே உருளும்?

கண்டறிந்ததை வடிவமாக்கும்போது, அறையைக் கட்டுவதற்கு முன் முழு அளவில் ஒரு மாதிரி செய்யுங்கள். தரையில் மாஸ்கிங் டேப்பால் சுவர்களை வரைந்து, அட்டைப் பெட்டிகளை மேசைகளாக அடுக்கினாலே பாதிப் பிழைகள் தெரிந்துவிடும். சக்கர நாற்காலி திரும்ப 1500 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும். வரைபடத்தில் அந்த வட்டம் இருக்கும், நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளி ஆட்கள் உட்கார்ந்ததும் காணாமல் போகும். பிறகு ஒரே ஒரு பகுதியை மட்டும் உண்மையான பொருள்களோடு அமைத்து, ஆறு வாரமாவது புழங்க விடுங்கள். முதல் இரண்டு வாரக் கணக்கைத் தனியாக வையுங்கள். புதுமை மோகத்தில் எல்லாமே நிரம்பி வழியும். எது நடந்தால் இந்தச் சோதனை தோல்வி என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஆர்வமாக முன்வந்தவர்களை மட்டும் அங்கே உட்கார வைக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் கடைசியில் கைநழுவுவது உண்டு. ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க அறைகலன் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் அலுவலகப் பணியை ஆராய்ந்து, வேலைக்கேற்ப விரித்தும் மடக்கியும் மாற்றக்கூடிய அமைப்பொன்றை 1968இல் கொண்டுவந்தார். வாங்கிய நிறுவனங்கள் தடுப்புப் பலகைகளை மட்டும் பிடித்துக்கொண்டு, குறைந்த இடத்தில் அதிக ஆட்களை அடைத்தன. இன்று கியூபிக்கிள் என்று சலித்துக்கொள்ளும் பெட்டிகள் அதிலிருந்து வந்தவைதான். ஆகவே வரைபடத்தின் ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் பக்கத்தில், எந்தக் கவனிப்பிலிருந்து அது வந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். செலவைக் குறைக்க உட்காரும் நாளில், எதை எடுத்தால் எது உடையும் என்று அந்த வரிகளைக் காட்டித்தான் வாதாட முடியும்.

அறைகலன்களுக்கான தொகையில் பத்தில் ஒரு பங்கைத் திறப்பு நாளுக்குப் பிறகும் செலவழிக்காமல் வைத்திருங்கள். குடியேறிய ஆறாவது வாரம் ஒரு முறையும், ஓராண்டு முடியும்போது ஒரு முறையும், பழைய பாதையில் அதே மூன்று குறிகளோடு நடந்து, புதிய தடயங்களைப் படம் எடுங்கள். ஜன்னலில் அட்டை ஒட்டப்பட்டிருந்தால், ஒட்டக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பாமல், அந்தத் தொகையில் ஒரு திரைச்சீலை வாங்கிப் போடுங்கள்.