நிழலடிக்கும் மானிட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்

போன மாதம் ஒரு பத்திர எழுத்தர் தன் பழைய 17 அங்குல எல்சிடி மானிட்டரைச் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார். "தம்பி, எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. கண்ணுதான் போச்சுன்னு கண்ணாடிகூட மாத்திட்டேன். இது தேறுமா, புதுசே வாங்கிடட்டுமா?" என்றார். கடையில் எங்கள் கேபிளில் மாட்டிப் பார்த்தேன். எழுத்து பளிச்சென்று நின்றது.

சரி, கோளாறு அவர் அலுவலகத்தில்தான் இருக்கிறது என்று நேரில் போனேன். அங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கம் ஒரு சாம்பல் நிழல். சர்வே எண்ணில் 1-க்குப் பக்கத்தில் இன்னொரு 1 மங்கலாக நிற்கிறது. துணைக்காலும் அப்படியே இரட்டையாகத் தெரிகிறது. பத்திரத்தில் ஓர் எண் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் மானிட்டரின் மெனு பட்டனை அழுத்தினேன். அந்த மெனு கணினியிலிருந்து வருவதல்ல, மானிட்டரே தனக்குள் வரைந்துகொள்வது. மெனு கூர்மையாக இருந்தது. அதன் பின்னால் பத்திரம் மட்டும் நிழலடித்தது. அப்படியென்றால் மானிட்டருக்கு வந்து சேரும் சிக்னலே கெட்டுத்தான் வருகிறது. அடுத்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவருடைய செல்போனில் பார்த்தோம். அதில் நிழல் இல்லை, ஆக மென்பொருளிலும் குறையில்லை. இந்த இரண்டு சோதனைக்கும் காலணா செலவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

மேசைக்கு அடியில் குனிந்தால் விஷயம் புரிந்துவிட்டது. சிபியுவை பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, எட்டாத கேபிளோடு மெலிசாக ஓர் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்திருந்தார்கள். மொத்தம் 5 மீட்டர் இருக்கும்.

அங்கே கணினியையும் மானிட்டரையும் இணைத்திருந்தது விஜிஏ என்ற பழைய வகைக் கேபிள். அதில் போவது அனலாக் சிக்னல், அதாவது ஏறி இறங்கும் மின்னழுத்தமாகவே போகும் சிக்னல். அது போகும் வழி முழுக்க 75 ஓம் இம்பீடன்ஸ் (ஓடும் சிக்னலுக்குக் கேபிள் காட்டும் தடை) சீராக இருக்க வேண்டும். மட்டமான கேபிளிலும் தளர்ந்த இணைப்பிலும் அது மாறும்போது சிக்னலில் ஒரு பங்கு பட்டுத் திரும்பி, மறுபடியும் மோதி, பிந்தி வந்து சேருகிறது. கேபிளுக்குள் சிக்னல் ஒரு நானோ நொடியில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஓடும். 5 மீட்டர் போய்த் திரும்ப 50 நானோ நொடி. 1280×1024 திரையில், 60 ஹெர்ட்ஸில், ஒரு புள்ளிக்குக் கிடைப்பது சுமார் 9 நானோ நொடிதான். ஆகவே ஐந்து புள்ளி தள்ளி அதே எழுத்து இன்னொரு முறை விழுகிறது. படம் இடமிருந்து வலமாக வரையப்படுவதால் நிழலும் வலப்பக்கமே விழும்.

எக்ஸ்டென்ஷனைக் கழற்றி, சிபியுவை முன்னால் இழுத்து, ஒன்றரை மீட்டர் கேபிளை மாட்டினோம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியே உறையிட்ட கம்பி உள்ள தடித்த கேபிள் அது. இரண்டு பக்கமும் திருகை முறுக்கியதும் நிழல் போய்விட்டது. மானிட்டரில் டிவிஐ (படத்தை டிஜிட்டலாக அனுப்பும் வகை) இணைப்பும் கணினியில் அதற்கான வாயும் இருந்தால் விஜிஏவையே விட்டுவிடுங்கள்.

எல்லா நிழலும் இப்படி இல்லை. பக்கத்தை உருட்டும்போது மட்டும் எழுத்து இழுபட்டால், அது பேனல் (படம் தெரியும் திரைப்பலகை) மெதுவாக நிறம் மாறுவதால். பில் போடும் திரையை நாள் முழுக்க அப்படியே விட்டால் அதன் தடம் படிந்துபோகும். எல்சிடி என்றால் வெள்ளைத் திரையைச் சில மணி நேரம் ஓடவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். பழைய சிஆர்டியில் (படக்குழாய் மானிட்டரில்) பாஸ்பர், அதாவது திரையில் ஒளிரும் பூச்சு, கருகியிருந்தால் மறையாது.

அப்புறம் ஒளிக்கசிவு. அறையை இருட்டாக்கிக் கறுப்புப் படத்தைப் போட்டுத் தலையை அசைத்துப் பாருங்கள். பளபளப்பு கூடவே நகர்ந்தால் அது ஐபிஎஸ் என்ற எல்சிடி வகைப் பேனலின் இயல்பு, பழுதல்ல. ஒரே இடத்தில் நின்றால் பின்விளக்கின் ஒளி ஓரத்தில் கசிகிறது. பிரைட்னஸைக் குறைத்தால் தெரிவது குறையும். விரலால் அழுத்திச் சரிசெய்யப் போனால் பேனலே உடையும்.

சிஆர்டியில் திரை முழுக்க வெளுத்து, சாய்வாக மெல்லிய கோடுகள் ஓடினால், பெரும்பாலும் ஃப்ளைபேக்கிலுள்ள (உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மரிலுள்ள) ஸ்க்ரீன் திருகை மாற்றி வைக்க வேண்டியிருக்கும். அதை நீங்கள் தொட வேண்டாம். படக்குழாயின் ஆனோடில் (உயர் மின்னழுத்தம் சேரும் முனையில்) 25,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். மூடியைக் கழற்றாமல் அப்படியே பழகிய மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.