நூறு ரூபாய் பில்லில் ஊருக்கு எவ்வளவு?

பொள்ளாச்சியில் ஆடிட்டராக உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தேங்காய் மண்டி, தென்னை நார் மில், அரிசி மில் என்று கணக்குப் பார்த்துத்தான் தொடங்கினேன். இப்போது என் அலமாரியில் பாதி இடத்தை ரிசார்ட், ஹோம்ஸ்டே, டிராவல்ஸ் ஃபைல்கள் பிடித்துக்கொண்டன. ஆழியாறு, சேத்துமடை, வால்பாறைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் நாலு காட்டேஜ் கட்டியவர் முதல் ஐம்பது அறை வைத்திருப்பவர் வரை வருகிறார்கள். "சுற்றுலா வந்தா ஊருக்கு வேலை வரும்" என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். வரும்தான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு வரும், யாருக்கு வரும் என்பது மேடையில் தெரியாது, கொள்முதல் பதிவேட்டைத் திறந்தால்தான் தெரியும்.

ஒரு ரிசார்ட்டின் பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தேன். பெயர் வேண்டாம். காய்கறியும் கோழியும் கோயமுத்தூர் மொத்த வியாபாரியிடமிருந்து வேனில் வருகின்றன, சுற்றிலும் தக்காளியும் கத்தரியும் விளைகிற ஊர் அது. மேனேஜர் வெளியூர், சமையல்காரர்கள் வெளிமாநிலம். ஆன்லைன் புக்கிங் கம்பெனிக்குப் போகும் கமிஷன் நூற்றுக்கு இருபதை ஒட்டி இருக்கிறது. முதலாளி சென்னையில் இருக்கிறார், லாபமும் அங்கேதான் போகிறது. உள்ளூர்க்காரர்கள் எங்கே என்று தேடினால் 'கூலி' என்ற தலைப்பில் கைநாட்டு வைத்த வவுச்சர்களாக இருக்கிறார்கள். தோட்ட வேலை, பாத்ரூம் கழுவுவது, ராத்திரிக் காவல்.

பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் 'கசிவு' என்பார்கள். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலில் தண்ணீர் விட்டும் கடைமடைக்கு வந்து சேராத கதை நம்ம பக்கத்து விவசாயிக்குத் தெரியாததா? அதேதான். ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் வகுத்த வளர்ச்சி இலக்குகளில் 8.9 என்று ஒன்று இருக்கிறது. 2030-க்குள் வேலைவாய்ப்பை உண்டாக்குகிற, உள்ளூர்ப் பண்பாட்டையும் உள்ளூர்ப் பொருள்களையும் வளர்க்கிற நீடித்த சுற்றுலாவுக்கு ஒவ்வொரு நாடும் கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. இதில் வேலைவாய்ப்பை எல்லோரும் படிக்கிறார்கள், உள்ளூர்ப் பொருளை யாரும் படிப்பதில்லை.

அந்தப் பதிவேட்டில் என் கண்ணை உறுத்திய வரி பெட்ஷீட். டெல்லி சப்ளையர் பில். கரூரில் தறி போட்டு வெளிநாட்டுக்குக் கப்பலில் அனுப்புகிறார்கள், சென்னிமலைப் போர்வைக்கு ஊரெல்லாம் பெயர், பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு வாங்கியே இருபது வருடம் ஆகிறது. இத்தனையும் காரில் மூணு நாலு மணி நேரத்துக்குள் இருக்க, படுக்கைக்கும் தரைக்கும் துணி டெல்லியிலிருந்து வருகிறது. கேட்டேன். "போன்ல ஆர்டர் போட்டா வந்து எறங்கீருதுங்க சார், நாம எங்கீங்க போய் அலையறது" என்றார் மேனேஜர். அவரைத் தப்பு சொல்ல முடியாது, பொருளைத் தேடித் திரட்டிக் கொடுக்க நடுவில் ஆள் இல்லை. அந்த ஆள்தான் நான் சொல்கிற வேலைவாய்ப்பு. வண்டி ஓட்டத் தெரிந்த, ஜிஎஸ்டி பில் போடத் தெரிந்த ரெண்டு பிள்ளைகள் சேர்ந்து பத்து ரிசார்ட்டுக்கு ஜமக்காளமும் போர்வையும் நாட்டுச்சர்க்கரையும் கொண்டுவந்து இறக்கினால், இங்கே அவர்களுக்குப் பிழைப்பு, அங்கே தறியில் இருப்பவருக்குப் பிழைப்பு.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நான் பழனியைக் காட்டுவேன். யாத்திரையும் சுற்றுலாதானே, அதுவும் ரொம்பப் பழைய சுற்றுலா. பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கான நாட்டுச்சர்க்கரையை ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்தில் நேரடியாக எடுக்கிறார்கள். கரும்பு ஆட்டுகிற விவசாயி மூட்டையைக் கொண்டுவந்து போடுகிறார், தேவஸ்தானம் வாங்குகிறது. சாமி கும்பிட வந்தவர் வாங்குகிற ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தின் காசு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு ஆலைக்கொட்டாய் வரைக்கும் போய்ச் சேருகிறது. வாங்குபவர் யாரிடம் வாங்குவது என்று முடிவெடுத்ததால் வந்தது இது.

பரளிக்காடு போயிருக்கிறீர்களா? காரமடையிலிருந்து வெள்ளியங்காடு வழியாக மேலே, பில்லூர் அணை நீர்த்தேக்கத்தின் கரை. வனத்துறை நடத்துகிறது, முன்பதிவு செய்தால்தான் போக முடியும். பரிசல் ஓட்டுவது அங்கே குடியிருக்கும் பழங்குடி மக்கள், மதியச் சாப்பாடு அந்த மலைக்கிராமத்துப் பெண்கள் சமைத்தது. நான் போன அன்று பரிசலில் ஏறுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் துடுப்பை எடுத்தார் ஓட்டியவர். தண்ணீர் எங்கே ஆழம், யானை எந்தக் கரையில் இறங்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அது அவர் பிறந்து வளர்ந்த இடம், அந்த அறிவு யாரும் பயிற்சி கொடுத்து வந்ததில்லை. நம்ம பக்கத்து ரிசார்ட்களில் அதே மாதிரி காடு தெரிந்த மலசர் பழங்குடி வீட்டுப் பையன் கேட்டில் நின்று கார் நம்பர் எழுதுகிறான், காட்டைப் பற்றி விளக்க வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு ஆள் வருகிறார். எனக்கு இதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

அப்புறம் சம்பளக் கணக்கு. பத்து பேர் வேலை செய்தால் இஎஸ்ஐ, இருபது பேர் என்றால் பிஎஃப், இது சட்டம். பத்தொன்பதோடு சம்பளப் பதிவேட்டை நிறுத்திவிட்டு மீதிப் பேரை வவுச்சரில் ஓட்டுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. ஐப்பசி மழையில் ரூம் காலியானால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது அந்த வவுச்சர் ஆட்கள்தான், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கீழே விழுந்து கை ஒடிந்தாலும் கேட்க ஒரு காகிதம் இல்லை. இந்த மாதிரிக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி ரெண்டு கிளையண்ட்டை இழந்தேன். ஒருவர் மட்டும் திரும்பி வந்து எல்லாரையும் சம்பளப் பதிவேட்டில் ஏற்றினார்.

இயற்கையைப் பற்றிப் பேசினால் ஆடிட்டருக்கு என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். காடுதான் இந்தத் தொழிலின் மூலதனம், அதையே தின்றால் வட்டி எங்கிருந்து வரும்? ஆழியாறு ரோட்டில் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிற கார்களைப் பாருங்கள். வால்பாறைக்கு வருபவர்கள் தேடி வருவதே சிங்கவால் குரங்கையும் இருவாச்சிப் பறவையையும் வரையாட்டையும்தான். அவை ரோட்டோரத்துக் குப்பைக்குப் பழகிப் போனால், அடிபட்டுச் செத்தால், ரூம் வாடகை ஏறாது. உடைந்த பாட்டில் யானைக் காலில் ஏறுகிறது என்றுதான் நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தரும் முறை வந்தது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தபோது இங்கேயும் வந்துவிடுமோ என்று நம்ம பக்கத்துத் தொழில்காரர்கள் பயந்தார்கள். நான் பயப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஆயிரம் கார் வந்து பிரியாணிப் பொட்டலத்தை வீசிவிட்டுப் போவதைவிட, இருநூறு பேர் வந்து ரெண்டு நாள் தங்கி நம்ம ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டுப் போவது ஊருக்கு அதிகம் தரும்.

அதனால் ரூம் போடும்போது நீங்களே கேளுங்கள். சாப்பாட்டுக்குச் சந்தவையும் (நம்ம கொங்கு இடியாப்பம்) அரிசிம்பருப்பு சாதமும் உண்டா, அல்லது பன்னீர் பட்டர் மசாலாதானா? கூட வரும் கைடு எந்த ஊர்? சுற்றுலாத் துறையில் பதிவு இருக்கிறதா? முடிந்தால் நேராகப் போன் செய்து புக் பண்ணுங்கள், அந்தக் கமிஷன் ஊரிலேயே நிற்கும். விருந்தினர் கேட்டால் மறுநாளே மெனு மாறுவதை நான் பார்த்திருக்கிறேன், ஆடிட்டர் பத்து வருடம் சொன்னாலும் மாறாது.

சேத்துமடைப் பக்கம் ஒரு அக்கா இருக்கிறார். தோட்டத்துச் சாளை வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குச் சந்தவை பிழிந்துகொண்டிருந்தவர், ஒரு ஹோம்ஸ்டேக்காரர் கேட்டதால் சனி ஞாயிறு அங்கே பிழிந்து கொடுக்க ஆரம்பித்தார். இப்போது மூணு இடத்துக்குப் போகிறது, கூட ரெண்டு பேரை வைத்திருக்கிறார். போன மாதம் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். ஒரு பக்கம் அரிசி, தேங்காய், விறகு, மறுபக்கம் வரவு, பேத்தியின் கையெழுத்து. "ஏனுங்க சார், எனக்கும் ஜிஎஸ்டி கட்டோணுங்களா?" என்று கேட்டார். வருஷ வரவு இருபது லட்சம் தாண்டினால் வாங்க அக்கா, அதுவரைக்கும் இந்த நோட்டை ஒரு நாள் விடாமல் எழுதுங்கள், கூட இருக்கிற ரெண்டு பேர் சம்பளத்தையும் பேர் போட்டு எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.