பணியிடப் போதைப்பொருள், மதுச் சோதனை: சட்டம் சொல்வது எது, தொழிற்சங்க ஒப்பந்தம் தீர்மானிப்பது எது

அமெரிக்காவில் பணியிடங்களில் நடக்கும் போதைப்பொருள், மதுச் சோதனைகள் எல்லாமே சட்டத்தின் கட்டாயம் என்ற எண்ணம் தொழிலாளர்களிடையே பரவலாக உள்ளது. கூட்டாட்சிச் சட்டம் சில தொழில்களில் மட்டுமே சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளது; மற்ற தொழில்களில் சோதனை நடத்துவதா வேண்டாமா என்பதை, மாநிலச் சட்டத்தின் வரம்புக்குள், நிர்வாகமே முடிவு செய்கிறது. தொழிற்சங்கம் உள்ள நிறுவனத்தில் அந்த முடிவையும் நிர்வாகம் தனியாக எடுக்க முடியாது. யாரை, எந்தக் காரணத்துக்காகச் சோதிக்கலாம், முடிவு பாதகமாக வந்தால் வேலை நிலைக்குமா, சிகிச்சைக்கும் மறுசோதனைக்கும் பணம் கொடுப்பது யார் என்ற கேள்விகளுக்கு விடை சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட கூட்டுப் பேர ஒப்பந்தத்தில்தான் இருக்க வேண்டும். கட்டாயச் சோதனை உள்ள தொழில்களில்கூட, முடிவுக்குப் பிந்தைய பல விஷயங்களைச் சட்டம் ஒப்பந்தத்துக்கே விட்டுவைத்திருக்கிறது.

முதலில் சட்டத்தின் எல்லையைப் பார்த்துவிடலாம். 1988ஆம் ஆண்டின் போதைப்பொருளற்ற பணியிடச் சட்டம், கூட்டாட்சி அரசின் ஒப்பந்தங்களையும் மானியங்களையும் பெறும் நிறுவனங்களுக்குப் பொருந்துவது. பணியிடத்தில் போதைப்பொருளுக்குத் தடை விதிக்கும் எழுத்துபூர்வமான கொள்கை இருக்க வேண்டும், அது ஊழியர்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும், பணியிடத்தில் செய்த போதைப்பொருள் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஊழியர் 5 நாள்களுக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. ஆனால் ஒருவரையும் சோதிக்கும்படி அது சொல்லவில்லை. அரசு ஒப்பந்தம் கிடைத்திருப்பதால் சோதனையைத் தவிர்க்க முடியாது என்று நிர்வாகம் பேச்சுவார்த்தையில் வாதிட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அப்படிச் சொல்கிறது என்று சங்கம் தயங்காமல் கேட்கலாம்.

சோதனையை உண்மையிலேயே கட்டாயமாக்கியது போக்குவரத்துத் துறைக்கான 1991ஆம் ஆண்டுச் சட்டம். 1987 ஜனவரியில் மேரிலாந்தின் சேஸ் என்ற இடத்தில், சமிக்ஞையை மீறி வந்த சரக்கு ரயில் எஞ்சின்கள் மீது ஒரு பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். அந்த எஞ்சின்களை இயக்கிய பணியாளர்கள் கஞ்சா பயன்படுத்தியிருந்தது பின்னர் தெரியவந்தது. இந்தச் சட்டம் பிறந்ததற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். லாரி, பேருந்து, ரயில், விமானம், குழாய்வழிப் போக்குவரத்து ஆகிய துறைகளில் பொதுப் பாதுகாப்போடு தொடர்புடைய பணிகளைச் செய்வோருக்குச் சோதனை கட்டாயம்; சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதைப் போக்குவரத்துத் துறையின் விதித்தொகுப்பு படிப்படியாக வரையறுக்கிறது. அந்த நடைமுறையைச் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்தாலும் மாற்ற முடியாது.

இந்தக் கட்டாயம் இல்லாத தனியார் துறையில் நிலைமை வேறு. இப்போது வேலையில் இருப்பவர்களுக்குச் சோதனையை அறிமுகப்படுத்துவது, நிர்வாகம் சங்கத்தோடு பேசித் தீர்க்க வேண்டிய பணி நிபந்தனை என்று, சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான தகராறுகளை விசாரிக்கும் கூட்டாட்சி அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியம் 1989இல் ஜான்சன்-பேட்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. பணியில் காயமடைந்து சிகிச்சை பெறும் ஒவ்வொருவரும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அந்த நிறுவனம் ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தது. விதிகளை வகுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்ற பொதுவான வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தும், சங்கம் இந்தக் குறிப்பிட்ட விஷயத்தில் பேரம் பேசும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக அதற்குப் பொருள் கொள்ள வாரியம் மறுத்துவிட்டது. அதே ஆண்டு வந்த மற்றொரு தீர்ப்பின்படி, வேலைக்கு விண்ணப்பிப்பவர்களைச் சோதிப்பது கட்டாயப் பேச்சுவார்த்தைக்குரிய விஷயமல்ல. ஆகவே பணியில் சேர்வதற்கு முந்தைய சோதனையைப் பற்றிப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் எதையும் காண முடியாது.

ஒப்பந்தத்தின் சோதனைப் பிரிவைக் கையில் எடுத்தால் முதலில் தேட வேண்டியது, எந்தச் சூழ்நிலையில் ஒருவரைச் சோதனைக்கு அனுப்பலாம் என்ற வாசகம். வழக்குகள் பெரும்பாலும் எழுவது 'நியாயமான சந்தேகம்' என்ற காரணத்தின் மீதுதான். யாருடைய சந்தேகம், எதைப் பார்த்து எழுந்தது, அதை எழுதி வைத்தார்களா என்பவற்றுக்கு விடையில்லாமல் 'நியாயமான சந்தேகம் எழுந்தால் சோதிக்கலாம்' என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம் தொழிலாளிக்குப் பெரிய பாதுகாப்பு எதையும் தருவதில்லை. லாரி ஓட்டுநர்களுக்கான கூட்டாட்சி விதி இதில் நல்ல அளவுகோலாக இருக்கிறது. சந்தேகப்படும் மேற்பார்வையாளர், மதுவின் அறிகுறிகளைப் பற்றி 60 நிமிடமும் போதைப்பொருள் அறிகுறிகளைப் பற்றி 60 நிமிடமும் குறைந்தபட்சப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். தோற்றம், நடத்தை, பேச்சு, உடல் வாடை ஆகியவற்றில் அந்த நேரத்தில் தானே கண்டதை அவர் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 'வழக்கம்போல் இல்லை', 'யாரோ சொன்னார்கள்' என்பவை போதா. பார்த்ததை 24 மணி நேரத்துக்குள் அல்லது சோதனை முடிவு வருவதற்குள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள், எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்த விதிக்கு உட்படாத தொழிற்சாலைகளிலும் சங்கங்கள் இதே வாசகத்தைக் கேட்டு வாங்கலாம். இரண்டாவது மேற்பார்வையாளர் ஒருவரும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒருவருடைய தனிப்பட்ட பகை சந்தேகமாக வேடமிட்டு வருவதை அது ஓரளவாவது தடுக்கும்.

விபத்துக்குப் பிந்தைய சோதனையில் 'விபத்து' என்றால் என்ன என்பதே கேள்வி. லாரி ஓட்டுநர் விதியின்படி உயிரிழப்பு நேர்ந்தால் சோதனை உண்டு; உயிரிழப்பு இல்லாதபோது, ஓட்டுநர் மீது போக்குவரத்து மீறல் பதிவாகி, அதோடு யாருக்காவது சம்பவ இடத்துக்கு வெளியே உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் அல்லது வாகனத்தை இழுத்துச் செல்ல வேண்டியிருந்தால் மட்டுமே சோதனை. மதுச் சோதனையை 8 மணி நேரத்துக்குள்ளும் போதைப்பொருள் சோதனையை 32 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு முயற்சியைக் கைவிட்டுவிட வேண்டும். இப்படித் தெளிவான எல்லை இல்லாத ஒப்பந்தத்தில், விரலில் சிறு கீறல் விழுந்தவரும் சோதனைக்கு அனுப்பப்படலாம். விளைவு, சிறு காயங்களை யாரும் தெரிவிக்காமல் மறைப்பதுதான்.

முன்னறிவிப்பின்றிப் பெயர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து நடத்தும் சோதனை, லாரி ஓட்டுநர்களுக்குச் சட்டப்படி உண்டு. ஆண்டுக்குச் சராசரி ஓட்டுநர் எண்ணிக்கையில் 50 சதவீத அளவுக்குப் போதைப்பொருள் சோதனையும் 10 சதவீத அளவுக்கு மதுச் சோதனையும் நடக்க வேண்டும். சட்டக் கட்டாயம் இல்லாத பணிகளில் சங்கங்கள் மிகக் கடுமையாக எதிர்ப்பது இந்த வகையைத்தான். கனடாவில் இந்த எதிர்ப்பு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில் உள்ள இர்விங் காகித ஆலை 2006இல், பாதுகாப்பு சார்ந்த பணிகளில் இருப்போரில் 10 சதவீதத்தினரை ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் மூச்சுச் சோதனைக்கு உட்படுத்தும் விதியை ஒருதலைப்பட்சமாகக் கொண்டுவந்தது. மது அருந்தும் வழக்கமே இல்லாத ஒரு தொழிலாளி தேர்ந்தெடுக்கப்பட, சங்கம் முறையீடு செய்தது. ஆபத்தான பணியிடம் என்பது மட்டுமே இத்தகைய சோதனைக்குப் போதிய காரணமாகாது, அங்கு மதுப் பிரச்சினை பரவலாக இருந்ததற்கான சான்று போன்ற ஏதேனும் வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறி, விதியை ரத்து செய்த நடுவர் குழுவின் முடிவை நிலைநிறுத்தியது. இருதரப்பும் பேசி ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

சோதனை நடக்கும் அறையில் என்ன நிகழ வேண்டும் என்பதைத் தொழிலாளி முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. போக்குவரத்துத் துறை விதியின்படி, உறையிடப்பட்ட குடுவை அவர் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். குறைந்தது 45 மில்லிலிட்டர் சிறுநீர் தேவை. மாதிரியைப் பெற்ற 4 நிமிடங்களுக்குள் அதன் வெப்பநிலை பார்க்கப்படும். அது 90 முதல் 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு 30 மில்லிலிட்டர் ஒரு புட்டியிலும் 15 மில்லிலிட்டர் இன்னொரு புட்டியிலும் அவர் பார்க்கும்படியே ஊற்றப்பட்டு, மூடிகள் மேல் முத்திரை ஒட்டப்பட்டு, தேதி எழுதப்பட்டு, அந்த முத்திரைகளில் தொழிலாளி தம் பெயரின் முதலெழுத்துகளை இட வேண்டும். உடனே சிறுநீர் வராவிட்டால் 3 மணி நேரம் வரை காத்திருக்கவும், அதற்குள் 40 அவுன்ஸ் வரை நீர் அருந்தவும் அனுமதி உண்டு. ஆனால் நடுவில் எழுந்து போய்விட்டால் அது மறுப்பாகவே கருதப்படும். மறுப்புக்குரிய விளைவு, பாதகமான முடிவுக்குரியதைப் போன்றே கடுமையானது. நடைமுறையில் பிழை தோன்றினால், சோதனையை முடித்துவிட்டுப் பின்னர் முறையிடுவதே பாதுகாப்பான வழி.

இரண்டாவது புட்டி தொழிலாளியின் உரிமைக்காக இருப்பது. ஆய்வகம் பாதகம் என்று சொன்னாலும் அது இறுதி முடிவல்ல. ஆய்வக முடிவை மதிப்பாய்வு செய்யும் மருத்துவர் முதலில் தொழிலாளியிடம் பேசி, மருத்துவர் பரிந்துரைத்த மருந்து போன்ற ஏற்கத்தக்க விளக்கம் உண்டா என்று கேட்க வேண்டும். முடிவு உறுதியானதைத் தெரிவித்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொழிலாளி கேட்டால், இரண்டாவது புட்டி வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். பணம் கட்டினால்தான் அனுப்புவோம் என்று நிர்வாகம் சொல்ல முடியாது. ஆனால் பின்னர் அந்தச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கலாமா என்பதை விதி ஒப்பந்தத்துக்கும் நிறுவனக் கொள்கைக்கும் விட்டுவிடுகிறது. 'செலவு நிர்வாகத்துடையது' என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாததால், அந்த உரிமையைப் பயன்படுத்தத் தயங்குபவர்கள் இருக்கவே செய்வார்கள்.

சங்கப் பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ளும் உரிமையும் இங்கே பொருந்தும். ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிவகுக்கலாம் என்று நியாயமாக அஞ்சத்தக்க விசாரணையில் தொழிலாளி தம் பிரதிநிதியைக் கேட்கலாம் என்று 1975இல் வெயின்கார்ட்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சந்தேகத்தின் பேரில் நடக்கும் சோதனைக்கும் இந்த உரிமை நீளும் என்று தொழிலாளர் உறவுகள் வாரியம் 2014இல் கூறியது. ஆனால் தொழிலாளி தானே வாய்திறந்து கேட்டால்தான் இந்த உரிமை உயிர்பெறும். கேட்காமலேயே பிரதிநிதிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் இந்தக் குறை நீங்கும்.

பாதகமான முடிவு உறுதியான பிறகுதான் ஒப்பந்தத்தின் முழு எடையும் தெரியவருகிறது. கூட்டாட்சி விதி முக்கியமாகக் கேட்பவை, அந்த நபரைப் பாதுகாப்பு சார்ந்த பணியிலிருந்து உடனே விலக்க வேண்டும், போதைப் பழக்க வல்லுநர் ஒருவரின் மதிப்பீட்டையும் அவர் விதித்த சிகிச்சையையும் முடிக்காமல் திரும்ப அனுமதிக்கக் கூடாது, திரும்பிய முதல் 12 மாதங்களில் குறைந்தது 6 தொடர் சோதனைகள் நடக்க வேண்டும் என்பவையே. வேலையை விட்டு நீக்கு என்றும் விதி சொல்லவில்லை, திரும்ப எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை; அது ஒப்பந்தத்துக்கு உட்பட்ட நிர்வாக முடிவு. சிகிச்சைச் செலவும் அப்படியே. மதுவைப் பொறுத்தவரை, மூச்சுச் சோதனையில் மதுச் செறிவு 0.04 அல்லது அதற்கு மேல் வந்தால் இந்த நடைமுறை முழுதும் பொருந்தும், 0.02 முதல் 0.039 வரை வந்த லாரி ஓட்டுநரை 24 மணி நேரம் பணியில் அமர்த்தக் கூடாது, அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் 'நியாயமான காரணமின்றிப் பணிநீக்கம் இல்லை' என்ற வாசகமும் நடுவர் தீர்ப்பை ஏற்கும் பிரிவும் இருந்தால், பணிநீக்கம் அத்தோடு முடிந்துவிடுவதில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஈஸ்டர்ன் அசோசியேட்டட் கோல் நிறுவனத்தின் வழக்கு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கனரக வாகனம் ஓட்டிய சுரங்கத் தொழிலாளி ஒருவர் கஞ்சா சோதனையில் பிடிபட்டு நீக்கப்பட்டார். சங்கம் முறையிட, 30 நாள் ஊதியமற்ற இடைநீக்கம், சிகிச்சை, 5 ஆண்டுகள் முன்னறிவிப்பில்லாச் சோதனை என்ற நிபந்தனைகளோடு நடுவர் அவரைத் திரும்ப எடுக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு அவர் மறுபடியும் பிடிபட்டார். இரண்டாவது நடுவரும் நீக்கம் மிகையானது என்றார். ஆனால் இம்முறை 3 மாதம் ஊதியமில்லை, இரு தரப்பின் நடுவர் செலவையும் அவரே ஏற்க வேண்டும், தேதியிடாத ராஜினாமாக் கடிதம் ஒன்றையும் கொடுத்துவைக்க வேண்டும். இப்படி அவரைத் திரும்ப எடுப்பது பொதுநலனுக்கு எதிரானது என்று நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை வாதிட்டுத் தோற்றது. போதைப்பொருள் பயன்பாடு சரியா என்பதல்ல கேள்வி, நடுவர் பொருள் கொண்டபடி அவரை நிபந்தனைகளோடு திரும்ப எடுக்கச் சொல்லும் ஒப்பந்தம் பொதுக் கொள்கையை மீறுகிறதா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். வேலைநீக்கத்தை எதிர்த்துப் போராடும் சங்கப் பிரதிநிதிகள் இத்தீர்ப்பை மனப்பாடமாக வைத்திருந்தாலும் தவறில்லை.

இவ்வாறு ஒருவரைத் திரும்ப எடுக்கும்போது நிர்வாகம் 'கடைசி வாய்ப்பு உடன்பாடு' என்ற தாளில் கையெழுத்துக் கேட்பது வழக்கம். இன்னொரு முறை பிடிபட்டால் முறையீட்டுக்கே இடமின்றி வேலை போய்விடும் என்பது அதன் சாரம். வேலை திரும்பக் கிடைத்த நிம்மதியில் படிக்காமல் கையெழுத்திடுவது ஆபத்து. அது எத்தனை மாதம் அல்லது ஆண்டு செல்லும், சோதனை நடைமுறையிலேயே பிழை இருந்தால் அதையாவது நடுவர் முன் கொண்டுபோக முடியுமா என்ற இரண்டையும் பார்த்த பிறகே, சங்கத்தின் முன்னிலையில், கையெழுத்திட வேண்டும்.

கஞ்சா விஷயத்தில் பழைய ஒப்பந்தங்கள் இப்போது தடுமாறுகின்றன. பல மாநிலங்கள் அதை அனுமதித்துவிட்டன. சிறுநீர்ச் சோதனையோ, போதை தெளிந்து நாள்கள் கழிந்த பிறகும் எச்சத்தைக் காட்டும். கலிபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், போதை தராத எச்சத்தை மட்டும் வைத்து ஊழியருக்கு எதிராக நடவடிக்கை எடுப்பதைத் தடுக்கிறது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. போக்குவரத்துத் துறையின் கட்டாயச் சோதனைக்கு உட்பட்டவர்களுக்கு எந்த மாநிலச் சட்டமும் உதவாது. மருத்துவரே கஞ்சாவைப் பரிந்துரைத்திருந்தாலும் மதிப்பாய்வு மருத்துவர் அதை விளக்கமாக ஏற்கக் கூடாது என்பது அத்துறையின் நிலைப்பாடு.

முறையீடு செய்ய ஒப்பந்தம் தரும் அவகாசம் பெரும்பாலும் குறுகியது. அது மறுசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்காது. ஆகவே முறையீட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, சோதனை ஆவணங்களைப் பின்னர் கேட்டுப் பெறலாம். போக்குவரத்துத் துறைச் சோதனையானால், தொழிலாளி எழுத்தில் கேட்ட 10 வேலை நாள்களுக்குள் ஆய்வகம் அவற்றைத் தர வேண்டும். மூன்றாம் தரப்புக்கு அவற்றைக் கொடுக்கத் தொழிலாளியின் குறிப்பான எழுத்துபூர்வச் சம்மதம் தேவை என்பதால், அந்தச் சம்மதக் கடிதத்தையும் முறையீட்டோடு சேர்த்தே சங்கத்திடம் கொடுத்துவிட வேண்டும்.